சீஃபோர்டோட ரயில் நிக்கட்டும்ங்கிறவங்க கொஞ்சம் இங்க வாங்க

கடலோரக் கந்தன்:
தெற்கு ஆஸ்திரேலியாவுல, அடிலெய்டுக்குத் தெற்கே கடலோரமா இருக்கிற ஆல்டிங்காவுல வீடு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அடிலெய்டுல ஏறினா ரயில் சீஃபோர்டோட முடிஞ்சுடுது, அப்புறம் பஸ்ஸுக்குத் தேவுடு காக்கணும். 1915லயே திராட்சைத் தோட்ட ஊரான மெக்லாரன் வேல் வழியா வில்லங்கா வரைக்கும் ரயில் ஓடியிருக்கு. 1969ல மூடிட்டாங்க. இப்ப அந்தத் தடத்துல நாம சைக்கிள் மிதிக்கிறோம். தாத்தா காலத்துல இருந்த வசதி பேரன் காலத்துல இல்ல. ஆல்டிங்கா வரைக்குமாவது நீட்டினா என்ன?

ஷிராஸ் சாமி:
நீட்டுறதுக்கு முன்னாடி சீஃபோர்ட் ஹைட்ஸை ஒரு நடை பார்த்துட்டு வாங்க தம்பி. திராட்சைக் கொடி போட வேண்டிய மண்ணுல வீடா கட்டுறதான்னு பெரிய சண்டையே நடந்துச்சு. அந்தப் பதற்றத்துலதான் 2012ல மெக்லாரன் வேலுக்கும், இன்னொரு வைன் பகுதியான பரோஸாவுக்கும், தோட்ட நிலத்தை வீட்டு மனையாக்காம இருக்கத் தனித்தனியா பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. ரயில் வந்தா பின்னாடியே பிளாட் போடுறவன் வருவான். ஊர்ல நாம பார்க்காததா?

வில்லங்கா அக்கா:
சாமி அண்ணை, சட்டம் இருக்கெண்டு நீங்களே சொல்லுறியள். பிறகு என்ன பயம்? இந்த இடமே போக்குவரத்தாலதான் வளந்தது. 1840ல வில்லங்காவில ஸ்லேட் கல்லு கண்டுபிடிச்சவை. மாட்டு வண்டியில போர்ட் வில்லங்காவுக்குக் கொண்டுபோய்க் கப்பல் ஏத்தினவை. அந்தத் துறையில இப்ப மிஞ்சிக் கிடக்கிறது நாலு மரக்கட்டைதான். பிறகு ரயில் வந்தது, அதைக் கார் விழுத்திப்போட்டுது. 1997ல திறந்த சதர்ன் எக்ஸ்பிரஸ்வே எண்ட பெருந்தெருவை மறந்திட்டீங்களோ? காலமை சிட்டிப் பக்கம், பின்னேரம் தெற்குப் பக்கம். ஒரு நேரத்தில ஒரு பக்கம்தான் ஓடலாம். 2014 வரைக்கும் அந்தக் கூத்து!

ஷிராஸ் சாமி:
கூத்துதான், மறுக்கல. ஆனா ஒரு பார்லிமென்ட் போட்ட சட்டத்தை இன்னொரு பார்லிமென்ட் திருத்தலாமே அக்கா. நான் இங்க எட்டு வருஷமா கவாத்து வேலை பார்க்கிறேன். மேற்கே கடல், கிழக்கே மலை, நடுவுல இத்தனூண்டு இடம். பகல்ல கடல் காத்து, ராத்திரி மலைக் காத்து. வெயில்ல வதங்குன பழம் அதுலதான் மூச்சு விடுது. ஃபிலாக்ஸெரான்னு ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பாவோட திராட்சைத் தோட்டங்களையே அழிச்சுது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள இன்னும் வரல. அதனாலதான் இங்க நூறு வருஷம் தாண்டின கொடியெல்லாம் வேற வேர்ல ஒட்டுக் கட்டாம சொந்த வேர்லயே நிக்குது. கிறிஸ்டீஸ் பீச்சுல சுத்திகரிச்ச கழிவுநீரைக் குழாய்ல கொண்டுவந்து பாய்ச்சுறாங்க, நல்ல தண்ணியைத் தொடாம. இவ்வளவு பாடுபட்ட தோட்டத்துக்குப் பக்கத்துல ஸ்டேஷன் வந்தா நிலத்து விலை என்ன ஆகும்னு யோசிங்க.

கடலோரக் கந்தன்:
அண்ணே, நான் மெக்லாரன் வேலுக்குள்ள ரயில் கேக்கல. கடலோரமா ஆல்டிங்காவுக்கு மட்டும். அங்க வீடு ஏற்கனவே வந்தாச்சு, ஜனமும் வந்தாச்சு, ரயில்தான் வரல. 2014ல சீஃபோர்டுக்கு நீட்டினப்போ ஓன்கபரிங்கா ஆத்துப் பள்ளத்தாக்கு மேல ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளமா பாலம் போட்டாங்களே. ஆறு இன்னும் அங்கதானே ஓடுது?

இன்னொன்னு. வைன் ருசி பார்க்கன்னு வர்ற கூட்டம் எப்படித் திரும்பிப் போகுது? ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டுறது குற்றம். நான் குடிக்காதவன், அதனால ஒவ்வொரு தடவையும் என் தலையிலதான் ஸ்டியரிங்கைக் கட்டுறானுங்க.

வில்லங்கா அக்கா:
அது நியாயமான முறைப்பாடு தம்பி 😂 ஆனா ஆல்டிங்கா ஸ்டேஷன்ல இறங்கினாலும் தோட்டங்களுக்கு நடந்து போகேலாது. அங்கயும் பஸ்தான் வேணும்.

ஷிராஸ் சாமி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முதல்ல பஸ்ஸை ஒழுங்கா விடட்டும். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை அதை நம்பி வேலைக்குப் போய்ப் பாருங்க, தெரியும்.

கடலோரக் கந்தன்:
அப்ப ஞாயிறு உள்பட அரைமணிக்கு ஒரு பஸ்னு மனு எழுதினா கையெழுத்து போடுவீங்களா அண்ணே?

ஷிராஸ் சாமி:
போடுறேன். ரயில்ங்கிற வார்த்தை அதுல எங்கயும் இருக்கக் கூடாது.

வில்லங்கா அக்கா:
எழுதிப்போட்டு இங்க போடுங்கோ தம்பி. எழுத்துப்பிழை நான் பாக்கிறன்.