மறு: ஹைலி காம்போசிட் நம்பர், தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> "உயர் பகு எண்" என்றே வைத்துவிடலாமே? பகு எண் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறதே.

இருப்பதுதான் சிக்கல். ஹைலி காம்போசிட் எண்களின் வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகிறது. 2 பகா எண். 1 பகுவும் இல்லை, பகாவும் இல்லை. பகு எண்ணே அல்லாத இவ்விரண்டையும் உயர் பகு எண் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் வரியிலேயே மடக்கிவிடும். ஆங்கிலப் பெயரில் இந்தக் குளறுபடி உண்டு என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

வரையறை இதுதான்: தன்னைவிடச் சிறிய எண் ஒவ்வொன்றையும் வகுத்திகளின் (மீதியில்லாமல் வகுக்கும் எண்களின்) எண்ணிக்கையில் மிஞ்சும் எண். 60க்கு 12 வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. 72க்கும் 12தான். 60 முந்திக்கொண்டதால் 72 வரிசையில் ஏறாது. "உயர்", "மிகு" இரண்டிலும் இந்த முந்துதல் இல்லை. "மிகை" வேண்டவே வேண்டாம், 12, 18 போல, தன்னை விட்டுப் பிற வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே தாண்டிவிடும் எண்களுக்கு அது போய்விட்டது.

என் முன்மொழிவு: வகுவிஞ்சி. "விஞ்சி வினையெச்சம் போலக் காதில் விழுகிறதே" என்பீர்கள். மின்மாற்றியும் கடத்தியும் அப்படித்தான் விழுந்தன, பழகிவிட்டோம்.

பெரிய எண்ணில் வைத்துப் பார்க்கிறேன். இராமானுசன் 1915இல் இலண்டன் கணிதச் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரையில் 102 வகுவிஞ்சிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்றே ஒன்று விடுபட்டது: 293318625600.

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் ஏறுவதே இல்லை; எந்த வகுவிஞ்சிக்கும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 வகுத்திகள். அந்த 5040ஏ ஒரு வகுவிஞ்சி! இன்னொரு வேடிக்கை, விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் 6746328388800 வருகிறது. பட்டியலின் கடைசி எண் அது. 10080 வகுத்திகள் கொண்ட அதைப் பிடித்தவர், 23ஐ உதிர்த்தால் கிடைப்பதை விட்டுவிட்டார்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். சங்கத்துக்கு அப்போது பணமுடை. கட்டுரையைச் சுருக்கித்தான் அச்சிட்டார்கள். மிச்சம் 1997இல்தான் வெளிவந்தது. அதில் 72 போன்ற, முந்தாவிட்டாலும் பின்தங்காத எண்களுக்கும் தனிப்பெயர் இருக்கிறது. "வகுநிகரி" என்று குறித்து வைத்திருக்கிறேன். முழு நிறைவில்லை, ஏனென்றால் வகுவிஞ்சிகள் எல்லாமே அந்தக் கூட்டத்திலும் அடங்கும், அவை நிகர் நிற்பவை அல்லவே. இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.