பெங்களூர் இந்திராநகரில் குடித்த புளிப்பு பீர்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் மச்சானும் நானும் நூறடி சாலைப் பக்கம் ஒரு ப்ரூபப்பில், அதாவது பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் பாரில், உட்கார்ந்திருந்தோம். 'வைல்ட் ஏல், பீப்பாயில் 11 மாதம்' என்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். ஒரு வகைப் புளிப்பு பீர் அது. சின்ன கிளாஸ் ஒன்று வாங்கினேன்.

முதல் வாயிலேயே கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன, அரைநெல்லிக்காயைக் கடித்த மாதிரி. "கெட்டுப்போச்சு மாப்ள, திருப்பிக் கொடு" என்றார் மச்சான்.

கொடுக்க மனம் வரவில்லை, அந்த வாசனை எனக்குத் தெரியும். உடன்குடிப் பக்கம் எங்கள் தாத்தா பனையேறியவர். பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், இறக்கும்போதே அது கள். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. 1987-ல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்த பிறகு பதநீர் மட்டும்தான் இறக்கினார். ஆனால் அந்தப் பழைய கலயங்களின் வாசம் வீட்டுப் பின்கட்டில் வெகுநாள் இருந்தது. பெங்களூரில் ஒரு கண்ணாடி கிளாஸிலிருந்து அது வந்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

பீர் காய்ச்சுபவர் ஓசூர்க்காரர், தமிழிலேயே விளக்கினார். நாம் சாதாரணமாகக் குடிக்கும் புளிப்பு பீர் பெரும்பாலும் கெட்டில் சவர். கொதிகலனிலேயே லாக்டோபாசிலஸ் விட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்து, பிறகு கொதிக்கவிட்டு அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடுவார்கள். எலுமிச்சை பிழிந்த மாதிரி நேரான புளிப்பு. வைல்ட் ஏல் அப்படியில்லை. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாய் மரத்துக்குள்ளேயே குடியிருந்து, மற்ற ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை மாதக்கணக்கில் மெல்லத் தின்கிறது. அதனால்தான் இனிப்பே மிச்சமில்லை. அதன் மணத்தைக் குதிரைப் போர்வை என்பார்களாம். எனக்கு ஈரமான பனை ஓலை.

குளிர் குறையக் குறைய அதன் சுவை மாறியது. இதை அவசரமாகக் குடிக்காதீர்கள், தயவுசெய்து.

* * *

ஒயிட்ஃபீல்டிலிருந்து எழுதுகிறேன். அலுவலக வேலையாக பிரஸ்ஸல்ஸ் போனபோது 1900-ல் தொடங்கிய கான்டியோன் என்ற பீர் ஆலையைப் பார்த்தேன். கூரைக்கு அடியில் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டி. பீராகப் போகும் தானியச் சாற்றை அதில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இரவு முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள், காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதில் இறங்குகிறது. குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்களாம், வெயில் காலத்துக் காற்றில் வேண்டாத கிருமிகள் அதிகம். ஒன்று, இரண்டு, மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் மறுபடி நுரைக்கவிட்டால் அதுதான் கூஸ் என்ற புளிப்பு பீர். நீங்கள் சொன்ன கலயம் அங்கே எனக்கு நினைவுக்கு வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

* * *

என் அனுபவம் நேர்மாறு அண்ணா. கோரமங்களாவில் ஓர் இடத்தில் வாங்கியது நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை அடித்தது, தொண்டை எரிந்தது. கேட்டதற்கு "வைல்ட் ஏல் இப்படித்தான் மேடம்" என்றார்கள். அப்படியில்லை. பீப்பாயில் காற்று அதிகம் புகுந்தால் வினிகர் ஆகிவிடும். வீட்டில் இட்லி மாவு அரைக்கும் எல்லோருக்கும் பொங்கிய மாவும் வீணான மாவும் வேறு என்று தெரியும். அந்த மூக்கை நம்பித் திருப்பிக் கொடுங்கள். நான் பணம் கொடுத்துவிட்டு வந்தேன், இன்றும் வருத்தம்தான்.

* * *

தங்கச்சி சொன்னது சரி. மறுநாள் கள்ளைத் தாத்தாவும் கீழே கொட்டிவிடுவாராம், அம்மா சொல்வார். அப்புறம், மச்சான் நேற்று போன் செய்தார். அந்தப் பீப்பாய் தீர்வதற்குள் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்கிறார்.