மறுமொழி: பள்ளத்தில் தங்கும் குளிர்ந்த காற்றுக்கு ஒரு சொல்

> பாடநூலில் ‘வெப்பத் தலைகீழ் மாற்றம்’ இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது ஐயா. உயரே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, ஏதோ ஓர் அடுக்கில் மட்டும் வெப்பம் கூடிக்கொண்டு போகும் நிலையை அது குறிக்கிறது. நாம் தேடுவது, அந்த அடுக்குக்குக் கீழே பள்ளத்தில் வந்து தங்கிவிடும் காற்றுக்கே ஒரு பெயர்.

ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சென்னையில் நாம் வியர்த்துக் கிடக்கும் நாளில் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் கம்பளி தேவைப்படுவது அதனால்தான். ஆனால் அதே ஊட்டியில், ஜனவரி விடியலில் இந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது. காந்தல், தலைகுந்தா புல்வெளிகள் உப்புத் தூவியதுபோல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சற்று மேலே சரிவில் வெறும் பனித்துளியோடு நின்றுவிடுவதுண்டு. தேயிலை கருகுவதும் தாழ்வான இடங்களில்தான் அதிகம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் சேர்கிறது. சைபீரியாவின் ஒய்மியாகோன் 1933இல் −67.7 டிகிரியைத் தொட்டதற்கு அது மலைசூழ்ந்த பள்ளத்தில் இருப்பதும் ஒரு காரணம். அவ்வூரின் உயரம் ஊட்டியின் உயரத்தில் பாதிகூட இல்லை!

ஆகவே ‘குளிர்த்தேக்கம்’ என்கிறேன். அம்மா முன்மொழிந்த ‘குளிர்க்குளம்’ அழகான சொல். முதலில் என் மனமும் அதன் பக்கமே சாய்ந்தது. ஆனால் குளத்திலிருந்து வினை பிறக்காது. தேக்கத்திலிருந்து ‘குளிர் தேங்கும் பள்ளம்’, ‘தேங்கிய குளிர்’, ‘வெயில் ஏறியதும் தேக்கம் கலைந்தது’ என்றெல்லாம் தடையின்றி எழுதலாம். வானிலைச் செய்தி எழுதுபவருக்கு இந்த வசதி மிக முக்கியம்.

> அப்படியானால் போகியன்று சென்னையைச் சூழும் புகை?

அதற்கு இச்சொல் வேண்டாம். நம் ஊர் சமவெளி. காற்று எங்கிருந்தும் வழிந்து வருவதில்லை, நின்ற இடத்திலேயே குளிர்கிறது. மேலிருக்கும் வெப்ப அடுக்கு மூடிவிடுவதால் புகை கலைய வழியில்லாமல் விமான ஓடுபாதை வரை மறைக்கிறது. அங்கே ‘தலைகீழ்’ என்பதே சரியான சொல். அதை நீக்கச் சொல்லவில்லை.

சொற்பட்டியலுக்கு என் வரையறை: ‘குளிர்த்தேக்கம் – இரவில் சரிவுகளில் குளிர்ந்து வழிந்த காற்று, தாழ்நிலத்தில் சேர்ந்து தங்கியிருக்கும் நிலை, அவ்வாறு தங்கிய காற்று.’ ‘இரவில்’ என்பதை எடுத்துவிடலாமா? துருவப் பகுதிக் குளிர்காலத்தில் அது நாள்கணக்கில் கலையாமல் கிடக்குமே.