ஓரச்சா, இணையச்சா, பொது அச்சா?

அன்புள்ள ஐயா,

ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு சுழலிகள் (rotors) எதிரெதிராகச் சுழலும் ஹெலிகாப்டர் அமைப்புக்கு (coaxial rotor) தமிழ்ப் பெயராகத் தாங்கள் முன்வைத்த 'ஓரச்சுச் சுழலி' இலக்கணப்படி பிழையற்றது. ஆயினும் தண்டையார்பேட்டையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதியதும், அச்சு ஹெலிகாப்டரின் ஓரத்தில் இருக்குமா என்று ஒரு மாணவர் கேட்டார். 'ஓரமா போ' என்பதை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவருக்கு அப்படிப் பிரிப்பதே இயல்பு. ஓரமும் அச்சும் புணர்ந்தால் 'ஓரவச்சு' என்றுதான் வரும் என்று விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அதே அமைப்புக்கான இன்னொரு பெயரான 'இணையச்சு' அதனினும் மோசம். இணைகோடுகளைப் படித்தவர் அருகருகே நிற்கும் இரு தண்டுகளையே நினைப்பார்.

மூன்றாவது பெயரான 'எதிர்சுழலி' என்பதில் எனக்குள்ள தடை வேறு வகையானது. எதிரெதிராகச் சுழல்வதால், ஹெலிகாப்டரின் உடலைத் திருப்ப முயலும் முறுக்குவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து வால் சுழலி தேவையற்றுப் போவது உண்மைதான். ஆனால் முன்னும் பின்னும் சுழலிகள் கொண்ட சினூக் ஹெலிகாப்டரிலும் அதுவே நடக்கிறது. நம் கடற்படையின் காமோவ் 31 ஹெலிகாப்டரை அதிலிருந்து பிரித்துக் காட்டுவது, இரண்டு சுழலிகளும் ஒரே அச்சில் மேலும் கீழுமாக அமைந்திருப்பதும், அதனால் மேல் சுழலி தள்ளிய காற்றுக்குள்ளேயே கீழ்ச் சுழலி இயங்க நேர்வதுமே ஆகும்.

மிதந்து நிற்கையில் மேல் சுழலியின் கீழ்ப்பாய்வு, அதாவது அது கீழே தள்ளும் காற்று, வேகம் கூடக் கூடச் சுருங்குகிறது. எளிய உந்தக் கோட்பாட்டின்படி (momentum theory) அது முழுதும் சுருங்கியபின் அதன் ஆரம் சுழலி ஆரத்தில் ஏறத்தாழ 0.7 மடங்கு, அதாவது பரப்பில் பாதி. ஆகவே கீழ்ச் சுழலியின் உட்பாதி ஏற்கெனவே விரைந்திறங்கும் காற்றையும், வெளிவளையம் புதிய காற்றையும் பெறுகின்றன. இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதாகக் கொண்டால், தனித்தனியே சுழலும்போது காற்றைக் கீழே தள்ளத் தேவைப்படும் திறனைவிட 41% கூடுதலாகச் செலவாகும். கீழ்ச் சுழலி சுருங்கிய பாய்வுக்குள் நிற்பதாகக் கொண்டால் கூடுதல் 28% ஆகக் குறைகிறது. அந்த வெளிவளையம் தரும் ஆதாயம் இது. அச்சைச் சொல்லாத பெயரால் இந்தக் கணக்குக்குள் மாணவரை அழைத்துச் செல்ல முடியாது.

எனவே 'பொது அச்சு இரட்டைச் சுழலி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். நீளம் என்பீர்கள், ஆனால் சினூக்கினுடையதை 'முன்பின் இரட்டைச் சுழலி' என்றும், சுழலிகளின் அலகுகள் (blades) ஒன்றனூடே ஒன்று புகுந்து சுழல்வதைப் 'பின்னல் இரட்டைச் சுழலி' என்றும் இதே வரிசையில் வைக்கலாம். ஒரு வேண்டுகோள்: 'பொதுவச்சு' என்று சேர்த்தெழுத வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதைப் 'பொதுவா வச்சு' என்றே படிப்பார்கள்.