மறு: வார்ட்ஷிப்புக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்? (வில்லியம் மார்ஷல் கட்டுரை)

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா மெயில் பாக்க முடியல, அதுக்குள்ள இழை எங்கயோ போயிடுச்சு. புதுசா சேந்தவங்களுக்கு: வில்லியம் மார்ஷல்ங்கற இடைக்கால இங்கிலாந்து வீரரை பத்தின கட்டுரைக்கு, வார்ட்ஷிப்ங்கற சொல்லுக்கு (அப்பன் இல்லாத சின்ன வயசு வாரிசும் அவன் நிலமும் மேல இருக்கறவன் கைக்கு போறது, அந்த வாரிசுதான் வார்ட்) தமிழ் தேடறோம். நீங்க சொன்னதுக்கெல்லாம் ஒவ்வொண்ணா வரேன்.

> காப்புரிமைன்னே போட்டுடலாமே?

தம்பி, அது ஏற்கனவே காபிரைட்டுக்கும் பேட்டன்ட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது, மூணாவதா இதையும் அது தலையில கட்ட வேணாம். அதை விடுங்க, எனக்கு 'காப்பு'ங்கற வேரே இங்க ஒத்துவரல. காப்புன்னா யாரோ பரிவோட பாத்துக்கறாங்கன்னு அர்த்தம் வந்துடுது. 12ம் நூற்றாண்டு இங்கிலாந்துல வார்ட்ஷிப்ங்கறது பரிவு இல்ல, வருமானம். போர்ச்சேவைக்காக கொடுத்த நிலம், அதை வாங்கின பிரபு செத்துட்டான், பையனுக்கு இன்னும் 21 ஆகல, சண்டைக்கு வர முடியாது, அதனால நிலத்தை மேலதிபதி திரும்ப எடுத்துக்கறான். அந்த வருஷங்கள்ல வர்ற குத்தகை, மில் வருமானம், மீன்குளம் எல்லாம் அவனுக்குத்தான், பிள்ளைக்கு சோறு துணி போட்டா போதும். அதோட அந்த பிள்ளையை யாருக்கு கட்டிக்கொடுக்கறதுங்கற உரிமையும் அவன் கையில. இந்த உரிமையை விக்கலாம், பரிசா கொடுக்கலாம்.

மார்ஷல் கதையையே எடுத்துக்குங்க. அவர் நாலாவது மகன், சொத்துன்னு ஒண்ணும் கிடையாது, டோர்னமென்ட்ல (குதிரைவீரர்கள் மோதற போட்டி) எதிரியை பிடிச்சு பணம் வாங்கி பேர் சம்பாதிச்ச ஆளு. 1180கள்ல ரெண்டாம் ஹென்றி ராஜா அவருக்கு ஹெலோய்ஸ்னு ஒரு பொண்ணை கொடுக்கறாரு, வடக்க லங்காஸ்டர் பக்கம் நிலம் உள்ள வாரிசு. கட்டிக்கலாம், கட்டிக்காம வருமானத்தை மட்டும் சாப்பிட்டுக்கிட்டும் இருக்கலாம். மனுஷன் ரெண்டாவதைத்தான் செஞ்சாரு, ஏன்னா இன்னும் பெரிய இடத்துல கண்ணு. 1189ல அது கிடைச்சுது, இசபெல் டி கிளேர், அயர்லாந்துல லென்ஸ்டரை பிடிச்ச ஸ்ட்ராங்போவோட மகள், அம்மா வழியில லென்ஸ்டர் ராஜா டெர்மட்டோட பேத்தி. அப்பா 1176ல போயிட்டாரு, தம்பியும் சின்ன வயசுலயே போயிட்டான், மொத்த சொத்தும் இந்தப் பொண்ணு பேர்ல, பொண்ணோ ராஜா பிடியில. ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்த கையோட கல்யாணம், மாப்பிள்ளைக்கு நாப்பது தாண்டியாச்சு, பொண்ணுக்கு இருபது கூட இல்ல. ஒரே நாள்ல மனுஷன் செப்ஸ்டோ கோட்டைக்கு அதிபதி. இதுல யாரு யாரை 'காத்தாங்க' சொல்லுங்க? (பெம்ப்ரோக் ஏர்ல்ங்கற பிரபுப் பட்டம் பத்து வருஷம் கழிச்சு 1199ல ஜான் ராஜா கொடுத்தது. ஏர்லை ஏர்ல்னே விட்டுடலாம்னு போன மாசமே முடிவாச்சு, கோமான்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.)

> பிணைப்பிள்ளை / பணயப்பிள்ளை

அக்கா, நல்ல சொல்லு, ஆனா அது எனக்கு வேற இடத்துல வேணும். 1152ல நியூபரி முற்றுகையப்போ மார்ஷலே பிணையா போனவரு, அஞ்சாறு வயசு. அப்பா ஜான் வாக்கை மீறிட்டாரு, பையனை தூக்குல போடுவேன்னு ஸ்டீபன் ராஜா மிரட்டினா, இதை விட நல்ல பசங்களை பண்ண என்கிட்ட சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்குன்னாராம் அந்த அப்பன். ஸ்டீபன் இளகிய மனசுக்காரரு, பையன் பொழச்சான். பிணைன்னா இது, வாக்குக்கு ஈடா ஒரு உசுரு. வார்டுக்கு அப்பன் இருக்க மாட்டான், வாக்கும் இல்ல. ரெண்டுக்கும் ஒரே சொல்லு வச்சா ஒரே கட்டுரைக்குள்ள வாசகர் குழம்பிடுவாங்க.

> கம்பன்ல கையடைப் படலம் இருக்கு, 'கையடை' எடுத்துக்கலாம்

ஐயா, கேக்கவே அழகா இருக்கு, என்னோட தயக்கம் ஒண்ணுதான். அங்க தசரதன் உயிரோட இருந்து, மனசு கிடந்து அடிச்சுக்கிட்டாலும் தானே மகனை முனிவர்கிட்ட ஒப்படைக்கறான். இங்க ஒப்படைக்க யாருமே இல்ல, மேல இருக்கறவன் எடுத்துக்கறான். கையடையை நான் வேற ஒண்ணுக்கு வச்சிருக்கேன்: 1216ல ஜான் ராஜா செத்தப்போ அவரோட மகன், ஒம்பது வயசு மூணாம் ஹென்றியை கிழவர் மார்ஷல்கிட்ட ஒப்படைச்சாங்களே, அவர் ராஜப்பிரதிநிதியா இருந்து மாக்னா கார்ட்டாவை (ராஜா அதிகாரத்துக்கு வரம்பு கட்டின சாசனம்) திருத்தி மறுபடி வெளியிட்டு, எழுபது வயசுல லிங்கன்ங்கற ஊர்ல போய் சண்டையும் போட்டு, 1219ல கண்ணை மூடறதுக்குள்ள பையனை வேற கையில சேத்தாரே, அதுதான் கையடை. காப்புன்னு சொன்னாலும் அங்க பொருந்தும்.

அப்புறம் வாரிசு மைனரா இருந்தப்போ நம்ம ஜமீன்களை பாத்துக்கிட்ட அரசு அமைப்பு, கோர்ட் ஆஃப் வார்ட்ஸை சிலர் இழுத்தீங்க. பேர் அங்கேருந்து வந்ததுதான், இங்கிலாந்துல அந்த பேர்ல 1540ல ஆரம்பிச்ச கோர்ட்டு 1660ல சட்டப்படி ஒழிஞ்சுது, மெட்ராஸ் மாகாணத்துக்கு 1804ல ரெகுலேஷன் வந்துது. ஆனா இங்க செலவு போக மிச்சம் மைனர் ஜமீன்தார் கணக்குலயே சேரும். அங்க அந்த மிச்சம்தான் லாபமே. அதனால 'மைனர் சொத்து நிர்வாகம்'ங்கற சொல்லு சென்னைக்கு சரி, மார்ஷலுக்கு சரிப்படாது.

நான் சொல்றது கைவசம். வார்ட்ஷிப் = வாரிசுக் கைவசம், வார்ட் = கைவச வாரிசு, ராஜாவோட வார்ட் = மன்னர் கைவசப் பெண் / பிள்ளை. அந்தக் காலத்து ஆவணங்களும் நிலம் 'ராஜா கைக்கு' எடுக்கப்பட்டதுன்னுதான் பேசுது. நம்ம பத்திரங்கள்லயும் கைவசம், அனுபோகம் எல்லாம் புழங்குற சொல்லு, வி.ஏ.ஓ ஆபீஸ்ல போய் சொன்னா கூட புரியும். வசம் தமிழா வடமொழியான்னு ஒரு சண்டை வரும்னு தெரியும், தனித்தமிழ் அன்பர்கள் 'வாரிசுப்பற்று'ன்னாங்க. பற்றுன்னு நிலம் இருந்தது உண்மைதான், ஆனா இன்னைக்கு வாரிசுப்பற்றுன்னா அரசியல் கட்டுரைன்னு நினைச்சு திறப்பாங்க.

இந்த சொல்லை மாக்னா கார்ட்டாவுல வச்சு பாத்தேன். 4வது பிரிவு: கைவச நிலத்துலேருந்து நியாயமான வருமானம் மட்டும் எடுக்கணும், ஆளையும் பொருளையும் அழிக்கக்கூடாது. 5வது: கைவசத்துல இருக்கற வரைக்கும் வீடு, குளம், மில் எல்லாம் பராமரிக்கணும். காப்புன்னு போட்டா இந்த பிரிவுகள் எதுக்குன்னே புரியாது, காக்கறவன் ஏன் அழிக்கப்போறான்?

மிச்சம் ரெண்டு சொல்லு. கோ-ஹெயிரஸ் (சொத்தை பங்கு போட்டுக்கற பெண் வாரிசு): மார்ஷலுக்கு அஞ்சு பசங்க அஞ்சு பொண்ணுங்க, அஞ்சு பசங்களும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பட்டத்துக்கு வந்து வாரிசில்லாம போயிட்டாங்க, கடைசி ரெண்டு பேர் வால்டரும் அன்செல்மும் 1245ல ஒரு மாச இடைவெளியில. மகன்னா மூத்தவனுக்கே எல்லாம், மகள்கள்னா சமபங்கு, அதனால லென்ஸ்டர் அஞ்சா உடைஞ்சுது, கார்லோ, கில்கென்னி, கில்டேர், வெக்ஸ்ஃபோர்ட், டுனமேஸ். அதுல சிபில்ங்கற மகளோட பங்கு அவளோட ஏழு பொண்ணுங்களுக்கு போச்சு, தலைக்கு முப்பத்தஞ்சுல ஒண்ணு! 'பங்குமகள்' போதும்னு தோணுது. மார்ஷல்ங்கற அரசவைப் பதவியை மட்டும் பிரிக்க முடியாதே, அது மூத்தவ மட்டில்டா வழியில பிகாட் குடும்பத்துக்கு போச்சு.

ரெண்டாவதுதான் இன்னும் இடிக்குது, கல்யாணம் பண்ணிவைக்கற உரிமை. 'மண உரிமை'ன்னா பொண்ணோட உரிமைன்னு தலைகீழா அர்த்தம் வருது. 1214ல ஜான் ராஜா தன்னோட முன்னாள் மனைவி குளோஸ்டர் இசபெல்லாவை கட்டிக்கற உரிமையை எசெக்ஸ் ஏர்லுக்கு 20,000 மார்க்குக்கு (அந்தக் காலத்து பணக்கணக்கு) வித்தாரு, அந்த வித்த பொருளுக்கு ஒரு பேர் வேணும். 'மண விற்பு' கொச்சையா இருக்கு, 'மணக்கைவசம்' நாக்குல நிக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள யாராவது சொல்லுங்க, அதுவரை கட்டுரையில அந்த இடத்தை மேரேஜ் உரிமைன்னே விட்டு வச்சிருக்கேன்.