வொய்னிச் ஏட்டில் நீராடும் பெண்கள்: குளமா, கருப்பையா?

அருவி:
யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் 408ஆம் எண்ணோடு இருக்கிறதே வொய்னிச் ஏடு, அதன் 75 முதல் 84 வரையுள்ள தாள்களைப் பற்றிப் பேச வேண்டும். எழுத்தை இன்றுவரை யாரும் படித்தறியவில்லை. படங்களில் பச்சையும் நீலமுமான குளங்கள், அவற்றுள் ஆடையில்லாத பெண்கள், குளத்துக்குக் குளம் குழாய்கள்.

என் கட்சி இதுதான்: இவை நீர் மருத்துவப் படங்கள். ஏடு எழுதப்பட்ட விலங்குத் தோலைக் கார்பன் சோதனை செய்ததில் காலம் 1404–1438 என்று வந்தது. அதே காலத்தில், 1416இல், இத்தாலிய அறிஞர் போஜியோ பிராச்சோலினி சுவிட்சர்லாந்திலுள்ள பாடன் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்களுக்கு இதைவிட ஏற்ற நீர் உலகில் இல்லை என்பது அவர் சொன்னது. அடுத்த ஆண்டே மோன்டெகட்டினி ஊர் மருத்துவர் உகோலினோ, ஊற்றுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். வயிறு மேடிட்ட பெண்களும் நீரும் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்தக் காலத்து வாசகர் வேறு எதை நினைத்திருப்பார்?

கூடல்மணி:
அருவி, உங்கள் சான்றெல்லாம் ஏட்டுக்கு வெளியே இருக்கிறது. எபோலி ஊர்க் கவிஞர் பியத்ரோ, இத்தாலியின் பொட்சுவோலி ஊற்றுகளைப் பாடிய நூலின் படப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு ஊற்றுக்கும் பெயர் உண்டு, வளைவுக் கூரைக் கட்டடம் உண்டு, ஆண்கள் நிரம்ப உண்டு. இங்கே ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். எந்த ஊரென்று காட்டும் கட்டடம் ஒன்றுகூட இல்லை. குழாய்களும் கல்லாலோ மரத்தாலோ செய்தவை போல இல்லை. புடைத்து, சுருங்கி, கிளைத்து, குடல் போலப் போகின்றன. இது உடம்பின் உள்பக்கம்.

கீகன் புரூவர், மிஷெல் லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த ஏட்டைப் பற்றி 2024இல் எழுதிய கட்டுரை இந்தத் திசையில்தான் போகிறது. பவேரிய மருத்துவர் யோஹன்னஸ் ஹார்ட்லீப், கருத்தடை, கருக்கலைப்பு முறைகள் கண்டவர் கையில் சிக்கக் கூடாதென்று இரகசிய எழுத்தைப் பரிந்துரைத்தவர். புரியாத எழுத்து, பெண் உடல், திரவம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைக்கிறது.

அருவி:
ஹார்ட்லீப் பிறந்ததே 1410 வாக்கில். பெண்களின் இரகசியங்கள் பற்றிய அவர் நூல் 1460களைச் சேர்ந்தது. தோலின் காலத்தோடு இது எப்படி ஒட்டும்?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. இடைக்கால மருத்துவ ஏடுகளில் கருப்பையை எப்படி வரைவார்கள் என்பது தெரிந்த விஷயம். கவிழ்த்த குடுவை, உள்ளே குழந்தை. பழைய மருத்துவ நூலாசிரியர் மூஸ்கியோவின் பேறுகால நூலின் பிரதிகளில் வரிசையாகப் பார்க்கலாம். இந்த ஏட்டில் அந்தக் குடுவை எங்கே? கரு எங்கே?

கூடல்மணி:
மூஸ்கியோவை நீங்களே எடுத்ததற்கு நன்றி. அந்தக் குடுவைக்குள் இருக்கும் கரு எப்படி இருக்கும்? வளர்ந்த மனிதனைச் சிறிதாக்கியது போல, கை கால் நீட்டி நிற்கும். உறுப்புக்குள் முழு மனித உருவைப் போடுவது அன்றைய வழக்கம். அப்படியிருக்க, குழாயின் வாயில் நிற்கும் ஒரு பெண் உருவத்தைப் பார்த்ததும் "குளிக்கிறாள்" என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? ஹார்ட்லீப் இந்த ஏட்டை எழுதினார் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி மறைக்கும் மனப்போக்கு அந்த வட்டாரத்தில் இருந்தது என்பதற்கு அவர் சாட்சி, அவ்வளவுதான்.

சுவடிக்காரன்:
இருவரும் தாள்களை இன்று கட்டியிருக்கும் வரிசையிலேயே படிக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் வலிக்கிறது. 78ஆம் தாளும் 81ஆம் தாளும் ஒரே தோலின் இரு பாதிகள். 78இன் பின்பக்கத்தையும் 81இன் முன்பக்கத்தையும் அருகருகே வைத்தால் ஒரே படமாக இணைகின்றன. நீர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடுகிறது. ஆனால் இப்போது இடையில் 79, 80 இரண்டும் செருகிக் கிடக்கின்றன. பின்னாளில் கட்டியவர் வரிசையைக் குலைத்திருக்கிறார். குலைந்த வரிசையில் "இங்கே தொடங்கி அங்கே முடியும் சிகிச்சை" என்றோ "கருவுறுதலின் படிநிலை" என்றோ கதை கட்டினால் அது கட்டுபவரின் கதை.

வண்ணமும் அப்படித்தான். பல இடங்களில் கோட்டை மீறி அப்பியிருக்கிறது. பிற்காலக் கை பூசியது என்று கருதுவோர் பலர். பச்சையை மனத்தால் நீக்கிவிட்டுக் கோட்டை மட்டும் பாருங்கள். எத்தனை இடத்தில் "நீர்" என்று உறுதியாகச் சொல்வீர்கள்?

அருவி:
சுவடிக்காரன் ஐயா, நீங்கள் சொன்ன அந்த இணைப்புதான் எனக்கு வேண்டியது. இரண்டு பக்கத்தையும் ஒரே காட்சியாக வரைந்து, அதில் கூட்டமாகப் பெண்களையும் நிறுத்தியிருக்கிறார் ஓவியர். உறுப்பை விளக்க வந்தவருக்கு இத்தனை பேர் எதற்கு? இன்னொன்று: பழஞ்சுவடி ஆய்வாளர் லிசா ஃபேகின் டேவிஸ் 2020இல் ஏட்டின் எழுத்தில் ஐந்து கைகளை, அதாவது ஐந்து எழுத்தர்களை, பிரித்துக் காட்டினார். குளப் பகுதியை எழுதிய கை, மூலிகைப் பக்கங்கள் சிலவற்றையும் எழுதியிருக்கிறது. மூலிகையும் குளியலும் ஒரே மருத்துவரின் பெட்டியில் இருந்தவை.

கூடல்மணி:
மூலிகை என் பக்கமும் பேசும். கருத்தடைக்கும் பேறுகாலத்துக்கும் மூலிகைதானே மருந்து?

சுவடிக்காரன்:
அப்படியானால் 79இன் பின்பக்கத்தை இருவரும் விளக்குங்கள். மேலே ஒரு பெண் கையில் சிலுவை பிடித்திருக்கிறாள். கீழே குளத்தில் மீன், கரையில் விலங்குகள். ஒருத்தியின் கால்கள் மீன் வாய்க்குள் இருக்கின்றன. பாடன் ஊற்றில் இது நடக்காது. கருப்பையிலும் நடக்காது. ஓவியர் இதைப் போகிற போக்கில் வரையவில்லை; பக்கம் முழுக்க இந்த ஒரே ஓட்டம்தான். உங்கள் விளக்கம் இந்தப் பக்கத்தை விழுங்காமல் தாண்டிப் போனால், மற்ற பக்கங்களில் அது பொருந்துவதை நான் சான்றாக எடுக்க மாட்டேன்.

கூடல்மணி:
மீன் ஆசைக்கும் தண்டனைக்கும் குறியாக வரும் படங்கள் அக்காலத்தில் உண்டு. சிலுவை பேறுகாலக் காப்புக்காக இருக்கலாம். என் வாசிப்பை இந்தப் பக்கம் உடைக்கவில்லை.

அருவி:
"இருக்கலாம்" போட்டால் எனக்கும் அதே பக்கம் பொருந்தும். ஊற்றுநீரைப் புனிதரோடு சேர்த்து வணங்கிய காலம் அது. சிலுவை இருப்பதில் வியப்பே இல்லை. மீன் வாயில் இருப்பவளுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, கூடல்மணி. உங்களிடமும் இல்லை என்றே நினைக்கிறேன்.