காசினோ சிப் கடை மூடினால் கையிருப்பு என்ன ஆகும்? எதிலிருந்து தொடங்குவது?

நெவாடா_ரேக் கேட்டது:
வணக்கம் நண்பர்களே. லாஸ் வேகஸில் காசினோ சிப் (சூதாட்ட விடுதியில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டவில்லை) சேகரிப்பவர்களுக்கென்றே நடந்துவரும் கடை ஒன்று இழுபறியில் நிற்கிறது. வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, எடுத்து நடத்த இன்னும் ஆள் அமையவில்லை. நூறு சிப் பிடிக்கும் ரேக்குகள் 120 இருக்கின்றன. உறையில் போட்ட தனிச் சிப்கள் இழுப்பறை இழுப்பறையாகத் தனி. மொத்தமாக ஒருவரிடமே கொடுப்பதா, பிரித்து விற்பதா? எதில் முதலில் கை வைக்க வேண்டும்? அழுக்கேறிய பழைய களிமண் சிப்களைக் கழுவலாமா?

பழையசிவப்பு:
விலை போடுவதற்கு முன்னால் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: இன்றும் மேசையில் ஓடுபவை, மாற்றிக்கொள்ளும் கெடு ஓடிக்கொண்டிருப்பவை, செல்லாதவை. இரண்டாவது குவியலுக்குத்தான் அவசரம். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி ஒரு காசினோ தன் சிப்களை நிறுத்தினால், வெளியே இருப்பவற்றைக் குறைந்தது 120 நாளாவது பணமாக மாற்றித் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் சிப்பில் அச்சிட்ட தொகையை, அதாவது முகமதிப்பை, எண்ணிப் பயனில்லை; சேகரிப்பாளர் தருவதுதான் விலை. 2024 ஏப்ரல் 2 அன்று டிராபிகானா காசினோவும் ஜூலை 17 அன்று மிராஜ் காசினோவும் மூடின. கடைக்குள் அந்தப் பெயர்கள் கிடந்தால் அவை ஓடும் சிப்களோடு கலந்திருக்கக் கூடாது.

ஓடும் சிப்களிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டத்தின் பார்வையில் சிப் என்பது காசினோவின் உடைமை. வைத்திருப்பவருக்குக் காசினோ பட்ட கடனுக்கு அத்தாட்சி, அவ்வளவே. தன்னிடம் ஆட வந்தவரிடமிருந்துதான் அது சிப்பைத் திரும்பப் பெற வேண்டும். வியாபாரி என்று தெரிந்தால் மறுக்கலாம். சிப்பைப் பணமாக மாற்றும் காசாளர் கூண்டுக்குப் பெட்டியோடு போனால் கேள்வி வரும். ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் அரசுக்கு அறிக்கையும் போகும். ஆகவே முகமதிப்பு அதிகமுள்ள ஓடும் சிப்களை முழு ரொக்கமாகக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தொப்பியும்தடியும்:
பழையசிவப்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இதுதான் பெரிய கவலை. கடை மூடும்போது பலர் செய்யும் தவறு, உறைகளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிப்களை ஒரே டப்பாவில் கொட்டுவது. உறையில் பென்சிலால் எழுதியிருக்கும் எந்தக் காசினோ, எந்த ஆண்டு, எத்தனையாவது வெளியீடு என்ற குறிப்பில்தான் அந்தக் கடையின் பாதி மதிப்பு இருக்கிறது. ஒரே காசினோ ஒரே 5 டாலர் சிப்பைப் பல முறை அடித்திருக்கும். வார்க்கும் அச்சு மாறியிருக்கும், ஓரத்து வண்ணப் பொட்டுகளின் எண்ணிக்கை மாறியிருக்கும், சிப்பின் நடுவே பதித்த தாளில் (இன்லே) ஓர் எழுத்தின் வடிவம் மாறியிருக்கும். ஓரத்தில் தொப்பியும் கைத்தடியும் சுற்றி வந்தால் அது சிப் தயாரிக்கும் பால்சன் நிறுவனத்தின் அச்சு என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் மேலே சொன்ன சிறு வித்தியாசங்களைக் குறிப்பு இல்லாமல் மீட்பது கடினம். ஒவ்வொரு உறையையும் சிப்போடு சேர்த்து இருபுறமும் படம் எடுங்கள். பிறகுதான் எதையும் நகர்த்த வேண்டும்.

மொத்தமா, சில்லறையா என்பதற்கு எண்ணிக்கைதான் பதில். ஒரு செல்லாத சிப் கடையில் மூன்று இருந்தால் தனித்தனியாக விற்கலாம். அதே சிப் ஐந்து ரேக் இருந்தால் அதை வெளியே சொன்ன நாளிலேயே விலை இறங்கும். அப்படிப்பட்டவற்றை ஆண்டுக்குக் கொஞ்சமாக விட வேண்டும், அல்லது தரம் பார்த்து நூறு நூறாகப் போக்கர் சீட்டு ஆடுபவர்களிடம் கொடுக்க வேண்டும். 1, 5 டாலர் சிப்களைப் பலரும் நினைவுக்காக வீட்டுக்குக் கொண்டுபோவதால் அவை நிறையத் தங்கியிருக்கும். 100, 500 டாலர் சிப்பை மாற்றாமல் போனவர் குறைவு, ஆகவே செல்லாதவற்றில் அவையே அரிது. துளை போட்டு ரத்து செய்தவற்றைத் தனியாக வையுங்கள். எந்த மேசையிலும் ஓடாமல் சேகரிப்பாளருக்காகவே அடித்த கற்பனைச் சிப்கள் இருந்தால் உறையிலேயே அப்படி எழுதுங்கள்.

1988-இல் தொடங்கிய சேகரிப்பாளர் சங்கமான காசினோ கலெக்டிபிள்ஸ் அசோசியேஷன் ஆண்டுதோறும் லாஸ் வேகஸில் கண்காட்சி நடத்துகிறது. அரிதானவற்றை அங்கே மேசை போட்டு விற்றால், பார்த்ததும் புரிந்துகொள்ளும் கண்கள் கிடைக்கும்.

ஓரம்_கூர்மை:
கழுவுவது பற்றி. அரிதான தனிச் சிப்பைத் தொடாதீர்கள். உலர்ந்த மென்துணி போதும். ரேக் சிப்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம், மென்மையான பல் துலக்கி. ஒவ்வொன்றாக, சில விநாடிகளில் முடியுங்கள். ஊற வைத்தால் பழைய தாள் இன்லேயின் ஓரம் உப்பிக் கிளம்பும். சில சிவப்பும் ஊதாவும் பக்கத்துப் பொட்டில் இறங்கும். முதலில் மதிப்பில்லாத ஒன்றில் சோதியுங்கள். அசிட்டோன் வேண்டாம். கறை நீக்கும் வெள்ளை நுரைக்கட்டியும் வேண்டாம்: அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி, பொன் எழுத்தையும் ஓரக் கூர்மையையும் தின்றுவிடும். துடைத்துத் துணிமேல் தட்டையாகக் காய வையுங்கள். காய்ந்ததும் வெளுத்துத் தெரிந்தால் கனிம எண்ணெயை விரல்நுனியில் தொட்டு மெல்லத் தடவி, ஒரு நாள் விட்டு மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

தேய்மானம் பார்க்க, அதே அச்சில் புதிய 20 சிப்பை அடுக்கிப் பக்கத்தில் பழைய 20-ஐ வையுங்கள். உயரம் குறைந்த அடுக்கு நிறைய ஆடியது.

நெவாடா_ரேக்:
மிக்க நன்றி. இழுப்பறைகளில் இருப்பவை மென்மையான பிளாஸ்டிக் உறைகள், சில சிப்களில் பிசுபிசுப்பு. மாற்ற வேண்டுமா?

ஓரம்_கூர்மை:
கட்டாயம், அதுவும் முதல் வாரமே. அது பிவிசி என்ற பிளாஸ்டிக், அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து சிப்பில் ஒட்டுகிறது. 39 மில்லிமீட்டர் சிப்புக்கு அதே அளவு கடின வட்டக்கூடு வாங்குங்கள், பக்காரா சீட்டாட்டத்தின் 43 மில்லிமீட்டர் சிப் அதில் நுழையாது. பழைய உறையிலுள்ள எழுத்தைப் புதியதில் நகலெடுக்காமல் எதையும் குப்பையில் போடாதீர்கள். கண்ணாடி அலமாரியில் வெயில் விழும் வரிசையை இன்றே உள்ளே எடுத்துவிடுங்கள்.